காத்திருக்கக் கற்ற கணினி

இசையை விரும்பாதார் இவ்வுலகில் இல்லை. ஆனால் அந்த இசை ஒரு வீட்டில் தடையின்றி ஒலிப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை, பாட்டுப் பெட்டி ஒன்றைத் தாமே செய்து பார்த்தவர்களே அறிவார்கள். அக்காள் தங்கையராகிய நாங்கள் இருவரும் சென்ற கோடை விடுமுறையில் அப்படி ஒன்றைச் செய்தோம். அதில் கற்றதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் அம்மாச்சிக்கு வயது 81. கண்பார்வை ஏறக்குறைய இல்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போக, நாங்கள் பள்ளிக்கு வந்துவிட, பகல் முழுவதும் அம்மாச்சி தனியே இருப்பார்கள். எங்கள் தாத்தா கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்துப் பாடியவர்கள். 1980களில் டேப் ரெக்கார்டரில் பதிந்த 40 கேசட்டுகளை விட்டுச் சென்றார்கள். தாத்தாவின் குரல் இன்று அவற்றில் மட்டுமே இருக்கிறது. நாடாவில் பூசணம் ஏறுவதற்குள் மாமா அவற்றைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார்கள். ஒலி குன்றக் கூடாதென்று சுருக்காமல் பதிந்ததால், ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஏறத்தாழ 635 எம்பி வீதம் மொத்தம் சுமார் 25 ஜிபி ஆயிற்று.

இவற்றைப் பாட வைக்க, ராஸ்பெரி பை 3 மாடல் பி என்னும் உள்ளங்கை அளவு கணினி ஒன்று வீட்டில் இருந்தது. அது 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் லினக்ஸும், 2003 முதல் வழக்கிலுள்ள எம்பிடி என்ற இசை நிரலும் ஓடின. எல்லாம் ஒரு சிறிய மெமரி கார்டில் இருந்தன. எங்கள் தெருவில் மின்சாரம் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கார்டில் உள்ளவை சிதைந்துபோகக் கூடும். இரண்டே மாதத்தில் அப்படித்தான் ஆயிற்று. பாட்டு நின்றது. "தாத்தா இன்னைக்கும் பாட மாட்டாங்களாம்மா?" என்று அம்மாச்சி கேட்டபோது எங்களுக்கு மறுமொழி இல்லை.

எனவே, பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த ஹார்டு டிஸ்கில் எல்லாவற்றையும் ஏற்றி, அதை யூஎஸ்பி வழியாக இணைத்து, அதிலிருந்தே கணினியை எழுப்புவது என்று முடிவு செய்தோம். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அம்மாச்சிக்கு மீண்டும் தனிமையும் மௌனமும்தான்.

இங்கே 'பூட்' என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். தன் காலணியின் வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்னும் ஆங்கில வழக்கிலிருந்து வந்த சொல் அது. கணினிக்கு மின்சாரம் வந்ததும் அதன் சில்லுக்குள் நிலையாகப் பதிந்திருக்கும் சின்னஞ்சிறு நிரல் ஒன்று விழிக்கிறது. அது முதலில் மெமரி கார்டில் தேடும். அங்கே எதுவும் இல்லையென்றால், அனுமதி இருந்தால் மட்டும் யூஎஸ்பியில் தேடும். எங்கள் மாடலில் அந்த அனுமதியை நாமே ஒருமுறை எழுத வேண்டும். அமைப்புக் கோப்பில் 'ப்ரோகிராம் யூஎஸ்பி பூட் மோடு' என்னும் வரிக்கு நேரே 1 என்று போட்டு, கார்டிலிருந்து ஒருமுறை ஓடவிட்டால், அந்த அனுமதி சில்லிலேயே பதிந்துவிடும். பிறகு அதை அழிக்கவே முடியாது. அப்பாவிடம் கேட்டுக்கொண்டு அதை எழுதினோம்.

கார்டை எடுத்தோம். டிஸ்கை இணைத்தோம். சுவிட்சைப் போட்டோம். சிவப்பு விளக்கு எரிந்தது. டிவி திரையோ இருண்டே கிடந்தது.

நோய் எது, அதன் காரணம் எது, அதைத் தணிக்கும் வழி எது என்று வரிசையாக ஆராயச் சொன்னார் வள்ளுவர். மருத்துவருக்குச் சொன்னது இயந்திரத்துக்கும் பொருந்தும் என்றால் அது மிகையாகாது. ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டோம்: மாற்றியது, நடந்தது, அதனால் அறிவது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று உறுதி செய்துகொண்டோம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாதல்லவா?

முதலில் அதே நிரல்களைப் புதிய கார்டில் ஏற்றினோம். ஓடியது. ஆகவே கணினி நலம், டிவி நலம், ஸ்பீக்கர் நலம். ஆனால் திரையின் மூலையில் மின்னல் குறி ஒன்று தோன்றியது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தோன்றும் குறி அது. செல்போன் சார்ஜரை எடுத்துவிட்டு, 5 வோல்ட் 2.5 ஆம்பியர் தரும் சார்ஜரை மாட்டினோம். மின்னல் மறைந்தது. அடுத்து, பென் டிரைவில் ஏற்றிப் பார்த்தோம். ஓடியது. ஆகவே அனுமதியும் சரியாகவே பதிந்திருக்கிறது. பிறகு டிஸ்கைத் தனி மின்சாரம் உள்ள ஹப் ஒன்றின் வழியாக இணைத்தோம். ஓடவில்லை. அதே டிஸ்கை லேப்டாப்பில் மாட்டினால் கோப்புகள் அனைத்தும் ஒழுங்காகத் தெரிந்தன.

மூன்று நாள் கழிந்தன. நான்காம் நாள் எங்களில் இளையவள் ஒன்றைக் கவனித்தாள். கணினியின் வயரை மட்டும் பிடுங்கிச் செருகினால் டிஸ்கிலிருந்து ஓடுகிறது! சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டால் ஓடவில்லை. ஆறு முறை அப்படியும் ஆறு முறை இப்படியும் செய்து பார்த்தோம். ஆறுக்கு ஆறு அதே விடை.

நோட்டைப் புரட்டியதும் காரணம் விளங்கியது. ஹார்டு டிஸ்கினுள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. உறங்கும் தட்டு முழு வேகம் பெறச் சில நொடிகள் ஆகும். எங்கள் மாடலோ யூஎஸ்பியில் 2 நொடி மட்டுமே காத்திருக்கும். வயரை மட்டும் பிடுங்கும்போது, ஹப்பின் மின்சாரத்தால் தட்டு சுழன்றுகொண்டே இருக்கிறது. உடனே பதில் சொல்கிறது. சுவர் சுவிட்சை அணைத்தால் இரண்டும் உறங்கி, இரண்டும் ஒன்றாக விழிக்கின்றன. டிஸ்க் கண் திறப்பதற்குள் கணினி கதவைத் தட்டிவிட்டு நின்றுவிடுகிறது. மின்வெட்டுக்குப் பின்னும் இதுவேதான் நடக்கும். அதாவது, நாங்கள் பக்கத்தில் இருக்கும்போது பாடும். அம்மாச்சி தனியே இருக்கும்போது பாடாது.

மருந்தும் ஒரே வரிதான். அமைப்புக் கோப்பில் அதற்குரிய வரிக்கு நேரே 1 என்று எழுதினால் 2 நொடி 5 நொடியாகும். இதையும் எழுதினால் அழிக்க முடியாது. எழுதினோம். சுவர் சுவிட்சைப் பத்து முறை அணைத்துப் போட்டோம். பத்து முறையும் தாத்தா பாடினார்கள். பாட்டுகள் உள்ள பகுதியை வாசிக்க மட்டும் என்று அமைத்து, முழுப் பிரதி ஒன்றை அம்மாவின் பீரோவிலும் வைத்தோம்.

பள்ளி திறந்த முதல் நாள் நண்பகலில் மின்சாரம் போயிற்றாம். மாலையில் வீடு திரும்பியதும் அம்மாச்சி சொன்னார்கள்: "கரண்டு வந்துச்சு, பின்னாடியே உங்க தாத்தாவும் வந்துட்டாக."

அன்புத் தோழியரே! அந்தக் கணினியும் பழுதில்லை, அந்த டிஸ்கும் பழுதில்லை. இடையில் குறைந்தது மூன்று நொடிப் பொறுமை மட்டுமே. நம் வகுப்பிலும் கேட்டவுடன் விடை சொல்வோர் உண்டு. சற்றுப் பொறுத்தால் சொல்வோரும் உண்டு. வீட்டிலே நம் பேச்சு காதில் ஏறி, நினைவில் தங்கி, பதிலாக வருவதற்குள் நாம் எழுந்து போய்விடுகிற முதியோரும் உண்டு. அவர்களிடம் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுமுன் இன்னும் மூன்று நொடி காத்திருப்போம். யார் கண்டார்கள், உள்ளே எத்தனை பாட்டுகள் இருக்கின்றனவோ!