நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வி

காரைக்குடி பக்கம் ஒரு கிராமம். ஆறு வயசுப் பையன்.

மூணு வாரமா விட்டு விட்டுக் காய்ச்சல். கால் வலிக்குதுன்னு நடக்க மாட்டேங்கிறான். அடிபடாமலே தொடையில் நீலத் தழும்புகள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் பேப்பர் மாதிரி வெளுத்திருந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ரத்தப் புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி: "ஏம்மா, இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?"

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான்கு வருடம் ஓடிவிட்டது. சென்னையில் சிகிச்சை முடிந்து பையன் இப்போது அஞ்சாம் வகுப்பு போகிறான். போன மாதம் சளிக்காக அழைத்து வந்தபோது அவர் சொன்னார்:

"சார், ஊசி, மருந்து, கடன் எல்லாம் மறந்துபோச்சு. அன்னைக்கு நீங்க கேட்டது மட்டும் ரெண்டரை வருஷமும் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

அந்த மூணு வாரத்தில் ரெண்டு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். நான் அதைக் கேட்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலான குழந்தைகளுக்குப் புற்றுநோய் எதனால் வந்தது என்று யாராலும் காரணம் காட்ட முடியாது. அம்மா சாப்பிட்டதாலோ, அப்பா செய்த பாவத்தாலோ, செய்வினையாலோ வருவதில்லை. தொற்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து விளையாடலாம்.

குணமாகுமா? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, வசதியான நாடுகளில் 80 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குணமாகிறார்கள். ஏழை நாடுகளில் 30 சதவிகிதத்துக்கும் கீழே. தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது ஆகியவற்றோடு இன்னொரு முக்கியக் காரணம், சிகிச்சையைப் பாதியில் விடுவது.

ஏன் விடுகிறார்கள்? பாசம் இல்லாமலா?

இந்தப் பையனின் அப்பா கல்யாண வீடுகளுக்குப் போகும் சமையல் மாஸ்டர். முகூர்த்த மாசத்தில் சம்பாதித்தால்தான் ஆடி, மார்கழியில் அடுப்பெரியும். மருத்துவச் செலவைக் காப்பீடு பார்த்துக்கொண்டது. போன வேலையை, சென்னையில் வாடகையை, அடகுக்கடை வட்டியை யார் பார்ப்பது? முதல் மாதத்தில் காய்ச்சல் நின்று பையன் ஓடியாடியதும், "சரியாயிருச்சே, போதும்"னு சொந்தக்காரர்களே சொன்னார்கள். அங்கேதான் ஆபத்து. அவனுக்கு வந்த வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம். நோய் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் மருந்தை நிறுத்தக் கூடாது.

இன்னொருத்தி இருந்தாள். அவனுடைய அக்கா, ஏழாம் வகுப்பு. அப்பத்தாவோடு ஊரில் விடப்பட்டாள். சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேச்சில்லை. ஒருநாள் அப்பத்தா என்னிடம் அழைத்து வந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்:

"நான் அவனை முதுகுல அடிச்சேன் சார். அதனாலயா வந்துச்சு?"

மூணு மாசமாக இதைச் சுமந்திருக்கிறாள். யாரும் அவளிடம் எதுவுமே சொல்லவில்லை.

உங்கள் தெருவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், செய்யக்கூடியவை:

✅ வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகளிடம் "உன்னால வரல"ன்னு வாய்விட்டுச் சொல்லுங்கள். பள்ளிக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

✅ "ஏதாவது வேணும்னா கேளுங்க" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். "வியாழக்கிழமை மாட்டை நான் பாத்துக்கிறேன்"னு சொல்லுங்கள்.

✅ ரத்தம் கொடுங்கள். தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. அதனால் கொடையாளர்கள் தொடர்ந்து தேவை.

✅ ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. கார்டு எடுக்கக் கூடப் போங்கள்.

✅ ராத்திரி ராமேஸ்வரம் வண்டியில் சென்னை போகிறவர்களுக்கு: சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுச் சலுகை, துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவிகிதம். மருத்துவர் சான்றிதழ் வேண்டும்.

✅ கீமோ எடுக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் நடுராத்திரியானாலும் உடனே பக்கத்து மருத்துவமனை. "காலையில பாத்துக்கலாம்" கூடவே கூடாது. உங்களிடம் வண்டி இருந்தால் நம்பரைக் கொடுத்து வையுங்கள்.

❌ சளி, காய்ச்சலோடு பார்க்கப் போகாதீர்கள்.
❌ வாட்ஸ்அப் வைத்தியம் அனுப்பாதீர்கள்.
❌ "எங்க ஒன்னுவிட்ட மாமாவுக்கும் இதே தான்" கதை வேண்டவே வேண்டாம்.

நம் பக்கத்து ஊர் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தில்தான் 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அந்த வலியை அவரும் ஒரு அக்காவாகப் பட்டவர்தான்.

எல்லோராலும் மருத்துவமனை கட்ட முடியாது. ஒரு வியாழக்கிழமை மாட்டைப் பார்த்துக்கொள்ள முடியும்.

நானும் என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். இப்போதெல்லாம் முதலில் கேட்பது:

"இவ்வளவு நாள் அலைஞ்சிருக்கீங்க. கூட யாரும்மா இருக்கா?"

(குடும்பத்தின் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதினேன்.)