என் எடை

திருகோணமலை உட்துறைமுக வீதியில் வளர்ந்த நான், பனியைக் கண்டது சுவிட்சர்லாந்தில் சாச்சா வீட்டில் தங்கிய விடுமுறையில்தான். பனிப்பலகை ஓரளவு பழகியபின், ஓரத்தில் சாய்ந்து வளையும் ‘கார்விங்’ பலகை எடுக்க வாடகைக் கடைக்குப் போனோம். எடை கேட்டார்கள். ராத்தா பக்கத்தில் நின்றதால் வெட்கப்பட்டு, 8 கிலோ குறைத்துச் சொன்னேன்.

அந்தப் பலகை ஒடுக்கமானது. சாயும்போது கடினச் சப்பாத்து பனியில் இடறாதிருக்க, இரு பாதங்களையும் முன்நோக்கித் திருப்பிப் பூட்டினார்கள். இருந்தும் முதல் வளைவிலேயே விழுந்தேன். பலகையின் விறைப்பை எடை பார்த்துத்தான் தெரிவு செய்வார்களாம். எனக்குக் கிடைத்தது இளக்கமானது. என் பாரத்தில் அளவுக்கு மீறி வளைந்து, அதன் ஓரம் பனியைப் பற்றவில்லை.

மறுநாள் உண்மையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, விறைப்பான வேறொரு பலகை தந்தார்கள். அது நம் துறைமுகத்து வள்ளம்போலச் சாய்ந்து திரும்பியது. நான் விழவில்லை.