நம்லாக் என்னும் குட்டிச்சாத்தான்

கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிக்கிறீர்கள். விரலுக்குப் பழகிப்போன சொல், கண்ணை மூடிக்கொண்டே அடிக்கலாம். ஆனாலும் மடிக்கணினி "கடவுச்சொல் தவறு" என்கிறது. எழுத்தெழுத்தாக நிதானமாக அடித்தாலும் அதே பதில்தான். கேப்ஸ்லாக்கைப் பார்த்தால் அது அணைந்தே இருக்கிறது. இப்படி மண்டை காய்ந்தவர்கள் பலர். பல சமயங்களில் குற்றவாளி, யாரும் கண்டுகொள்ளாத நம்லாக் விசைதான்.

முதலில் இந்த விசை எதற்காக வந்தது என்று பார்ப்போம். 1981ல் வந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையில் மொத்தமே 83 விசைகள். அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. வலப்பக்க எண் விசைகளே இரட்டை வேடம் போட்டன. 8 என்றால் மேலே, 2 என்றால் கீழே, 4 இடது, 6 வலது. இப்போது எந்த வேடம் என்று முடிவு செய்ய ஒரு விசை வேண்டுமே, அதுதான் நம்லாக். 1980களின் நடுவில் 101 விசைகள் கொண்ட பலகை வந்தபோது அம்புக்குறிகளுக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது. நம்லாக்குக்கு வேலை குறைந்தது. ஆனால் ஆளைத்தான் யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை :-)

மடிக்கணினி வந்தபோது புதுச் சிக்கல். சின்ன பலகையில் எண் விசைகளுக்கு இடமில்லை. அதனால் பல பழைய மாடல்களில் எழுத்து விசைகளுக்குள்ளேயே எண் பலகையைச் சொருகினார்கள். யூ, ஐ, ஓ ஆகியவை 4, 5, 6. ஜே, கே, எல் ஆகியவை 1, 2, 3. எம் என்பது 0. விசையின் ஓரத்தில் நீல நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ பொடியாக அச்சடித்திருப்பார்கள். நம்லாக் விழித்திருந்தால் இந்த எழுத்துகள் எல்லாம் எண்ணாக மாறிவிடும்.

உதாரணத்துக்கு, ஒருவருடைய கடவுச்சொல் ஆங்கில எழுத்தில் "முருக்கு" என்று வைத்துக்கொள்ளுங்கள். எம், யூ, ஆர், யூ, கே, கே, யூ என்று அவர் அடிக்கிறார். கணினிக்குப் போய்ச் சேர்வது 0, 4, ஆர், 4, 2, 2, 4. திரையில் தெரிவதோ ஏழு கறுப்புப் புள்ளிகள். ஏழுக்கு ஏழு சரியாக இருப்பதால் சந்தேகமே வராது!

விளையாட்டாகத் தோன்றும் இந்த விஷயம் விபரீதத்தில் முடியக்கூடும். ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் நடந்ததைக் கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் பழைய 14 அங்குல மடிக்கணினி, இரண்டாம் கையாக வாங்கியது. மறுநாள் காலை ப்ராஜெக்ட் அறிக்கை கொடுக்க வேண்டும். முந்தின இரவு பக்கத்து அறைக்காரர்கள் அதில் ஒரு யூஎஸ்பி விசைப்பலகையைச் சொருகி விளையாடிவிட்டு, நம்லாக்கை எரியவிட்டபடியே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கணினியை அணைத்து மறுபடி போட்டதும் உள்ளே போக முடியவில்லை. விடிந்ததும் கடைக்கு ஓட்டம்.

கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "பாஸ்வேர்டு மறந்துட்டீங்க தம்பி. ஃபார்மட் போட்டுடலாம், மத்தியானம் வாங்க" என்றார்.

"அண்ணே, டெஸ்க்டாப்ல இருக்கிறதெல்லாம்?"

"அதெல்லாம் போயிடும். பேக்கப் எடுக்கலையா?"

எடுக்கவில்லை. மூன்று மாத உழைப்பு அந்த டெஸ்க்டாப்பில்தான் இருந்தது. கூட வந்த அறைத்தோழர் சும்மா விசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "டேய், இந்த நீல நம்பரெல்லாம் எதுக்குடா?" என்று கேட்டார். எஃப்என் விசையோடு நம்லாக்கைச் சேர்த்து ஒரே ஒரு தட்டு. கதவு திறந்துகொண்டது. பொறுமையில்லாமல் தலையாட்டியிருந்தால் அறிக்கை காலி.

ஆகவே உள்ளே போக முடியாவிட்டால் முதலில் செய்ய வேண்டியவை இவை:

1. கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் கண் போன்ற படம் இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள். எழுத்துக்குப் பதில் எண் விழுந்திருந்தால் திருடன் பிடிபட்டான்.

2. எஃப்என் விசையோடு, நம்லாக் என்று அச்சடித்த விசையை அழுத்துங்கள். சில மாடல்களில் அது எஃப்11ல் ஒளிந்திருக்கும்.

3. அந்த விசையே இல்லையென்றால் வெளியிலிருந்து ஒரு யூஎஸ்பி விசைப்பலகையைச் சொருகி, அதில் நம்லாக்கைத் தட்டுங்கள். விண்டோஸில் எல்லா விசைப்பலகைக்கும் சேர்த்து ஒரே நம்லாக்தான்.

4. அதுவும் கைவசம் இல்லையா? நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள அணுகல் வசதிப் படத்தைச் சொடுக்கி, திரை விசைப்பலகையை வரவழையுங்கள். ஆப்ஷன்ஸில் எண் பலகையைக் காட்டச் சொன்னால் நம்லாக் விசை தெரியும்.

உள்ளே வந்தாயிற்று. அடுத்த முறை கணினியைப் போடும்போது மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டால்? அது மூன்று இடங்களில் வேரூன்றியிருக்கிறது.

முதலாவது பயாஸ். கணினி எழும்போது எஃப்2, டெலிட் போன்ற விசையை அழுத்தி (மாடலுக்கு மாடல் மாறும்) உள்ளே போனால், பூட் அப் நம்லாக் என்ற பெயரில் ஒரு அமைப்பு இருக்கலாம். எல்லா மடிக்கணினியிலும் இருக்காது. ஒரு எச்சரிக்கை: வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் கைவைத்த பிறகு சில சமயம் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அந்தத் திரையில் எண் விசைகள் மக்கர் செய்தால் எஃப்1 முதல் எஃப்9 வரை 1 முதல் 9 ஆகவும், எஃப்10 பூஜ்யமாகவும் வேலை செய்யும்.

இரண்டாவது ரெஜிஸ்ட்ரி. ரெக்எடிட்டைத் திறந்து ஹெச்கீ யூசர்ஸ், அதற்குள் டாட் டீஃபால்ட், கண்ட்ரோல் பேனல், கீபோர்டு என்று இறங்குங்கள். இனிஷியல் கீபோர்டு இண்டிகேட்டர்ஸ் என்ற பதிவு இருக்கும். அதில் 0 என்றால் அணை, 2 என்றால் ஏற்று. விண்டோஸ் 8க்குப் பிறகு வந்தவற்றில் 2147483648 என்று பயமுறுத்தும் எண் இருக்கும். பயப்பட வேண்டாம், அது 2ன் 31ஆவது அடுக்கு. நம்லாக் எரிய வேண்டுமானால் அதோடு 2 கூட்டி 2147483650 என்று வைத்தால் போதும். தொடுவதற்கு முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012ல் விண்டோஸ் 8ஓடு வந்தது. இது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. விண்டோஸின் உட்கருவை வட்டில் சேமித்துவிட்டுக் குட்டித் தூக்கம் போடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் பலர் எல்லாம் மாற்றியும் பலனில்லை என்று புலம்புகிறார்கள். சோதிக்கும்போது ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். பிடிவாதம் தொடர்ந்தால் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடலாம்.

பெரிய மடிக்கணினிக்காரர்களின் புலம்பல் இதற்கு நேர் எதிர். அவர்களிடம் தனி எண் பலகை இருக்கும். எண்களால் ஆன பின்னை அடித்தால் ஒன்றும் விழாது, காரணம் நம்லாக் தூங்குகிறது. அவர்களுக்கும் மருந்து இதே மூன்று இடங்களில்தான், மதிப்பு மட்டும் மாறும். லினக்ஸில் கேடிஈ பயன்படுத்துவோருக்கு விசைப்பலகை அமைப்பிலேயே தொடக்கத்தில் ஏற்று, அணை, அப்படியே விடு என்று மூன்று தேர்வுகள் உண்டு. மற்றவர்களுக்கு நம்லாக்எக்ஸ் என்ற சின்ன நிரல் இருக்கிறது. மேக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, அங்கே நம்லாக் விசை கிடையாது.

கணினி "தவறு" என்று சொன்னவுடன் ஞாபகசக்தியைச் சந்தேகிக்க வேண்டாம். யாராவது ஃபார்மட் என்று ஆரம்பித்தால், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு விசைகளின் ஓரத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பேக்கப் எடுக்காதவர்கள் இன்று இரவே எடுத்துவிடுங்கள்.