மோட்டார் ரூம் சுவரும் ஒரு தாள் சம்மதமும்

நம் இதழின் கேள்வி-பதில் பகுதியில் வண்டிப்பாதை, வரப்புத் தகராறு, மின் இணைப்பு, பட்டா மாறுதல் என்று எத்தனையோ கேள்விகளைப் படிக்கிறேன். தோட்டத்துச் சுவரைப் பற்றி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ரோட்டோரம் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தேர்தல் வந்தால் அந்தத் தொல்லை உண்டு. தாராபுரம் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர். கிணற்றடி மோட்டார் ரூமின் வடக்குச் சுவர் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. அது போதும்.

தேர்தல் அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்பே ஒரு விடியற்காலையில் சுவரில் வெள்ளை அடித்திருக்கும். மேலே ஒரு கட்சியின் பெயர், கீழே 'ரிசர்வ்டு' என்று ஓர் எழுத்து. நம் செங்கல், நம் சிமென்ட், நாம் கட்டிய சுவர். அதை யாரோ யாருக்கோ ஒதுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அழித்தால் அந்தக் கட்சிக்காரர் கோபிப்பார், விட்டால் எதிர்க்கட்சிக்காரர் 'நீங்க அந்தப் பக்கமா?' என்று கேட்பார். ஊரில் பால் சொசைட்டி, கோயில் கமிட்டி, களையெடுக்க வரும் ஆட்கள் என்று எல்லோரும் ஏதோ ஒரு கொடியின் கீழ் இருக்கிறார்கள். அதனால்தான் பலரும் வாயைத் திறப்பதில்லை.

சுவர் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஓர் உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில் பேனர் கட்ட எங்கள் வரப்போரம் சவுக்குக் கம்பம் நட்டார்கள். கடப்பாரை சொட்டுநீரின் சப்-மெயின் பைப்பில் இறங்கிவிட்டது. தக்காளி காய்க்கிற நேரம், இரண்டு நாள் தண்ணீர் இல்லை. பைப்புக்குக் காசு யாரும் கொடுக்கவில்லை. ரோட்டோரத் தென்னையில் ஆணி அடித்து அட்டை மாட்டுவதும் இப்படித்தான். ஆணி துருப்பிடித்து உள்ளேயே இருக்கும், மரமேறுகிறவர் கையைக் கிழித்துக்கொள்வார்.

இதற்கெல்லாம் விதி இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: தனியாருடைய நிலம், கட்டடம், சுற்றுச்சுவர் எதிலும் உரிமையாளரின் அனுமதியில்லாமல் கொடிக்கம்பம் நடவோ, பேனர் கட்டவோ, நோட்டீஸ் ஒட்டவோ, வாசகம் எழுதவோ கூடாது. தொண்டர்கள் அப்படிச் செய்யக் கட்சியும் விடக்கூடாது. தமிழ்நாட்டில் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். நகர்ப்புறத்தில் சுவர் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு மிகக் கடுமை. கிராமத்தில் எழுதுவதென்றால் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதன் நகலை வேட்பாளர் மூன்று நாளுக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். 'அண்ணன்கிட்ட சொல்லிட்டோம்' என்பதெல்லாம் சம்மதம் ஆகாது.

தேர்தல் அறிவித்தவுடன் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. அரசுக் கட்டடங்களில் உள்ளதை 24 மணி நேரத்துக்குள், பாலம், மின்கம்பம், பேருந்து நிறுத்தம் போன்ற பொது இடங்களில் உள்ளதை 48 மணி நேரத்துக்குள், தனியார் இடத்தில் அனுமதியில்லாமல் இருப்பதை 72 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும். சுண்ணாம்பு வாளியோடு ஆட்கள் ஊர் ஊராக வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவசரத்தில் அடிப்பதால் சின்னம் உள்ளிருந்து எட்டிப் பார்க்கும், அது வேறு.

ஒட்டிய போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி அது கட்டாயம். இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இவ்வளவு விதி இருந்தும் ஏன் யாரும் தாள் கொண்டுவருவதில்லை? அதற்கான பதில் போன சட்டமன்றத் தேர்தலின்போதுதான் எனக்குக் கிடைத்தது. ஒரு கட்சியில் கிளைப் பொறுப்பில் இருக்கும் தங்கை மருமகன் வந்தான்.

"மாமா, வடக்குச் செவுத்துல சின்னம் ஒண்ணு எழுதிக்கறனுங்க."

"எழுதிக்க மாப்ளே. ஒரு தாள்ல எழுதி, நீயும் கையெழுத்துப் போட்டு எனக்கொரு நகல் குடுத்துட்டு எழுது."

அவன் தலையைச் சொறிந்தான். "தாள் குடுத்தா அது வேட்பாளர் செலவுக் கணக்குல ஏறுமுங்க மாமா."

விஷயம் அதுதான். சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு பெரிய மாநிலங்களில் 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம் என்று 2022-ல் உயர்த்தினார்கள். எழுதிய சுவர், கட்டிய பேனர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தாள் இல்லாத சுவர் யார் கணக்கிலும் வராது. நாம் தாள் கேட்டால் பாதிப் பேர் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லிப் பகையைத் தேடிக்கொள்ள வேண்டியதில்லை.

மாப்பிள்ளை மூன்றாம் நாள் தாளோடு வந்தான், அதையும் சொல்ல வேண்டும். என்ன எழுதினோம் என்று கேட்பவர்களுக்கு: உரிமையாளர் பெயர், ஊர், சர்வே எண், எந்தச் சுவர், எத்தனை அடிக்கு எத்தனை அடி, எந்தத் தேதி வரை, பணம் எதுவும் வாங்கவில்லை என்பது, முடிந்ததும் யார் வெள்ளையடித்துத் தர வேண்டும் என்பது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வேறு கட்சிக்காரர் வந்து கேட்டபோது அதே தாளைக் காட்டி, 'நீங்களும் இப்படிக் கொடுங்க, கிழக்குச் சுவர் இருக்கு' என்றேன். அவர் தாள் கொண்டுவரவில்லை. என்னோடு பேச்சை நிறுத்தவும் இல்லை.

கேட்காமலேயே எழுதிவிட்டால், தேர்தல் காலத்தில் சி-விஜில் என்ற ஆணையத்தின் செயலி இருக்கிறது. அந்த இடத்தில் நின்று அதிலேயே படம் எடுத்து அனுப்ப வேண்டும். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், ஊரில் குடியிருக்க வேண்டியவர்களுக்கு அது முக்கியம். செயலி பழக்கமில்லாதவர்கள் 1950-க்குப் பேசலாம்.

பேனர் விஷயத்தில் மட்டும் சொந்தக்காரன் தாளோடு வந்தாலும் நான் சம்மதிப்பதில்லை. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் ஒரு திருமண பேனர் சரிந்து, இருசக்கர வண்டியில் போன 23 வயதுப் பெண் தண்ணீர் லாரியில் அடிபட்டு இறந்தார். எங்கள் வளைவில் காற்று மாதங்களில் தென்னையே சாய்ந்து நிற்கும், மேலே மின்கம்பி வேறு போகிறது. கரும்பு டிராக்டர் திரும்புகிற இடம் அது.