வாட்டம் ஒண்ணு, வைத்தியம் ரெண்டு

மாடித்தோட்டம் ரொம்ப ஈஸின்னு யாராவது சொன்னா, அவங்களை மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு சென்னை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டு வாங்க மக்களே. செருப்பில்லாம கால் வைக்க முடியாது. அந்தத் தரையிலதான் எங்க வீட்டு 22 தொட்டியும் உக்காந்திருக்கு.

எல்லாம் அம்மாவோடது. 2022-ல முட்டி வலி வந்து அவங்களால படியேற முடியாமப் போனதும் மாடி என் பொறுப்புக்கு வந்தது. நானோ பொட்டி தட்டுறவன். காலைல இலைக்கு அடியில மாவுப்பூச்சி தேடிட்டு, பகல்ல கோடுக்குள்ள பூச்சி தேடப் போறேன் :-)

அதுல ஒரு குண்டுமல்லி. அம்மா கல்யாணமாகி வந்தப்போ பிறந்த வீட்டுலேர்ந்து கொண்டு வந்த பதியன். அதனால எனக்கு அக்கா முறை!

அம்மா போட்ட முதல் ரூல்: "இலையைப் பார்த்துத் தண்ணி ஊத்தாத. விரலை விட்டுப் பாரு." அக்னி நட்சத்திர வெயில்ல மதியம் இலை துவளும். வேர் உறிஞ்சறதை விட இலை வேகமா ஈரத்தை விடுது, அவ்வளவுதான். ரெண்டு இன்ச் ஆழத்துல மண் ஈரமா இருந்தா சாயங்காலம் தானா நிமிர்ந்துடும். விடியக்காலைல நிறைய தண்ணி, மண்ணு மேல காஞ்ச இலை மூடாக்கு, தலைக்கு மேல பச்சை நிழல்வலை. போதும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தது. உயரமான செடியெல்லாம் முன்னாடியே கைப்பிடிச்சுவர் ஓரமா படுக்க வச்சாச்சு. மல்லி இருக்கறது சிமெண்ட் தொட்டி, அசையல. மழை விட்ட மூணாம் நாள் பார்த்தா அதே வாட்டம். ஆனா விரலை விட்டா சேறு! அடி இலையெல்லாம் மஞ்சள்.

வேருக்கும் மூச்சு வேணும். மண் இடுக்குல காத்துக்குப் பதிலா தண்ணி நின்னா வேர் அழுகிடும். அழுகின வேரால உறிஞ்ச முடியாது. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே செடி தாகத்துல சாகும். எங்க பாஷைல சொன்னா எரர் மெசேஜ் ஒண்ணு, பக் ரெண்டு. இந்த நேரத்துல பாவம் பார்த்து ஒரு குவளை ஊத்தினா கதை முடிஞ்சுது.

அடைச்சிருந்த அடி ஓட்டையைக் கம்பியால குத்தி விட்டேன். மேல்மண்ணைக் கிளறி, கருத்த கிளையெல்லாம் வெட்டிட்டு, ரெண்டு வாரம் தண்ணியே காட்டல. தினமும் அம்மா கீழேர்ந்து ஒரே கேள்வி: "துளிர் விட்டுச்சா?" ஒரு மாசம் ஒரே பதில்: "இல்லம்மா."

2024 மார்ச்ல மூணு மொட்டு. சுவத்துல ஒரு கை, என் தோள்ல ஒரு கைன்னு அம்மா நின்னு நின்னு படியேறி வந்தாங்க. பூவைத் தொடல. நேரா மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பார்த்தாங்க.