ஒரு ரவையின் விலை

பத்திரிகைத் துறைக்குள் நுழைந்த நாள் தொட்டு "ஒன்பது மில்லிமீற்றர்" என்ற சொற்றொடரை எத்தனை தடவைகள் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. "இனந்தெரியாத ஆயுததாரிகள்", "சம்பவ இடத்தில் வெற்றுக் கோதுகள் மீட்பு" என்று எங்கள் பத்திரிகைத் தமிழில் இதற்கென ஒரு தனி அகராதியே உருவாகியிருந்தது. முழுத் தோட்டாவை ரவை என்போம். அதிலிருந்து பறந்து சென்று உடலைத் துளைப்பது சன்னம். சுட்டபின் நிலத்தில் விழுவது கோது. பேச்சுவழக்கில் துவக்கு, வெடி. யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டபோதும், மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 காலை சுட்டுக் கொல்லப்பட்டபோதும் இந்தச் சொற்களை வைத்துக்கொண்டுதான் எங்கள் சக பத்திரிகையாளர்களின் மரணங்களையும் எழுத வேண்டியிருந்தது. ஆனால், ஒரு ரவை என்ன விலை என்று எங்களில் எவரும் எவரிடமும் கேட்டதில்லை. எங்கள் நாட்டில் அது விலை கேட்டு வாங்கும் பொருளாக இருக்கவில்லை.

அந்த விலையை 2025 ஆம் ஆண்டின் முற்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் ஹியூஸ்ரன் நகரின் புறத்தே வசிக்கும் என் அக்காவின் மகனிடமிருந்து அறிந்துகொண்டேன். 25 சதம். அமெரிக்கச் சதம்.

மருமகன் ஓர் எரிபொருள் நிரப்பு நிலையத்தையும் அதனோடு ஒட்டிய சிறு கடையையும் நடத்துகின்றான். சில ஆண்டுகளுக்கு முன்னர் இரவு கடை பூட்டும் வேளையில் ஒருவன் உள்ளே வந்து, பணப்பெட்டியருகே நின்ற ஊழியரின் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டிப் பணத்தை அள்ளிச் சென்றான். உயிராபத்து ஏதுமில்லை. அடுத்த மாதம் மருமகன் ஒரு 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி வாங்கினான். செய்தி கொக்குவிலில் இருக்கும் அக்காவின் காதுக்கு எட்டியது. நான் புறப்படுமுன் அக்கா தொலைபேசியில் சொன்னது இதுதான்: "நீ சொன்னா அவன் கேப்பான். அந்தச் சனியனை வித்துத் துலைக்கச் சொல்லு."

சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பின்னர், "மாமா, துவக்கு வைச்சிருக்கிறது பிழையெண்டு நீங்கள் சொல்லலாம். அதை நான் மறுக்கேல்லை. ஆனா வைச்சுக்கொண்டு பழகாமல் இருக்கிறது அதைவிடப் பெரிய பிழை" என்றான்.

இந்தக் கூற்றின் முதற்பாதியில் எனக்கும் அவனுக்கும் இடையிலான வழக்கு இன்னமும் தீரவில்லை. இரண்டாவது பாதியை மறுக்க என்னிடம் வாதமில்லை. ரெக்சாஸில் 2021 செப்டெம்பர் முதலாந் திகதி தொடக்கம், சட்டத் தடை ஏதுமில்லாத 21 வயதுக்கு மேற்பட்டவர் அனுமதிப்பத்திரம் இன்றியே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். விரும்பி அனுமதிப்பத்திரம் எடுப்பவர்களுக்கு உள்ள சுடும் பரீட்சை 50 ரவைகளைக் கொண்டது. மூன்று யார், ஏழு யார், பதினைந்து யார் தூரங்களில் சுட்டு 250 புள்ளிகளில் 175 பெற்றால் சித்தி. ஐம்பது ரவை என்பது கடையில் விற்கும் ஒரு பெட்டி. அந்த ஒரு பெட்டியோடு பயிற்சியை முடித்துக்கொண்டு துப்பாக்கியை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு நாலைந்து ஆண்டுகள் தொடாதிருப்பவர்கள் உண்டு. நெருக்கடியான இரவொன்றில், நடுங்கும் கையோடு அதை எடுக்கும் மனிதன் எதிரே நிற்பவனுக்கு மட்டுமன்றி, பின்னால் பாண் வாங்க வந்து நிற்கும் அப்பாவிக்கும் ஆபத்தானவன். ஆகவே பயிற்சி ரவையின் விலை ஒரு பாதுகாப்புப் பிரச்சினை. மலிவாகவும் நம்பகமாகவும் கிடைத்தால்தான் சாதாரண வருமானம் உள்ளவன் மாதந்தோறும் பழகுவான்.

மருமகனின் கணக்கு எளிமையானது. மாதம் 100 ரவை. ஆண்டுக்கு 1200. ஒன்று 25 சதம் என்றால் ஆண்டுக்கு 300 டொலர். ஹியூஸ்ரனில் விற்பனை வரி நூற்றுக்கு 8.25. ரவை உற்பத்தியாளர் மீது மத்திய அரசு விதிக்கும் 11 வீத வரியும் கடை விலைக்குள் ஒளிந்திருக்கின்றது. 1937 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்கின்றது. என் மருமகன் காகித இலக்கில் ஓட்டை போடும் ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு மானுக்குப் புல் வளர்கின்றது என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

இனி, எதை வாங்குவது? அங்காடியில் ரவைப் பெட்டிகள் அடுக்கியிருந்த சுவர் எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடையின் பிஸ்கற் தட்டைவிட நீளமானது. 9 மில்லிமீற்றர் ரவையை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் வடிவமைத்தவர் ஒஸ்ரியரான ஜோர்ஜ் லூகர். 'பரபெலம்' என்ற அதன் மறுபெயர் 'போருக்கு ஆயத்தமாகு' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து வந்தது. 1985 இல் அமெரிக்க இராணுவமும் தன் நெடுங்கால .45 துப்பாக்கியை விடுத்து இதற்கு மாறியது. உலகெங்கும் பேரளவில் உற்பத்தியாவதால் முதன்மையான கைத்துப்பாக்கி ரவைகளுள் இதுவே மலிவு. அதைவிட மலிவு .22 ரவை மட்டும்தான். ஆனால் அதற்கு வேறு துப்பாக்கி வேண்டும். மேலும் .22 இல் தீப்பற்றும் கலவை கோதின் விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்படுகின்றது. பரவல் சீராக இல்லாவிட்டால் சுத்தியல் விழும், வெடிக்காது. 9 மில்லிமீற்றரில் அடிப்பாகத்தின் நடுவே 'பிரைமர்' எனும் சிறு கிண்ணம் தனியாகப் பொருத்தப்பட்டிருப்பதால் நம்பகம் அதிகம்.

பயிற்சிக்கு வாங்குவது ஈயத்தைச் செம்புக் கலவையால் போர்த்திய உருண்டை முனைச் சன்னம். தற்காப்புக்கென வைத்திருப்பது நுனி குழிவானது, உடலில் பட்டதும் விரிவது. பிரித்தானியர் கல்கத்தாவுக்கு அருகே தம் தம் படைக்கலத் தொழிற்சாலையில் செய்த, அந்த ஊரின் பெயரையே பெற்ற விரியும் சன்னத்தின் வழித்தோன்றல் அது. 1899 ஹேக் பிரகடனம் போரில் தடைசெய்ததைக் கடையில் எவரும் வாங்கலாம். சட்டங்களின் விசித்திரம் அப்படி. அது ஒன்று ஒரு டொலர் வரையிலோ அதற்கு மேலோ செல்வதால் அதைக்கொண்டு பழகுவது கட்டுப்படியாகாது. ஆகவே அதே எடையுள்ள பயிற்சி ரவையைத் தேர்வதே முறை. 115, 124, 147 கிறெயின் என்று மூன்று எடைகள் வழக்கில் உண்டு. 115 கிறெயின் என்பது ஏறத்தாழ ஏழரைக் கிராம். ஈயம் குறைவாக இருப்பதால் அதுவே மலிவும். மருமகனின் தற்காப்பு ரவை 124. பயிற்சிக்கும் அதையே வாங்குகின்றான். ஒன்றுக்கு ஒன்றிரண்டு சதம் கூடுதல். ஆனால் துப்பாக்கி கையில் உதைக்கும் விதம் ஒன்றாக இருக்கும்.

அடுத்தது கோது. பித்தளை, அலுமினியம், இரும்பு. பித்தளை வெடிப்பின்போது விரிந்து குழலின் அறையை அடைத்து, உடனே சுருங்கி எளிதாக வெளியேறும். இரும்புக்கு அந்த நெகிழ்வு குறைவு. புகைக்கரியும் அதிகம். ரஷ்யாவிலிருந்து வந்த இரும்புக் கோது ரவைகள் நீண்டகாலம் மிக மலிவானவையாக இருந்தன. அவற்றில் பலவற்றின் சன்னப் போர்வையிலும் இரும்பு கலந்திருந்ததால் தீப்பொறி பறக்கும் எனப் பல உள்ளகப் பயிற்சிக்கூடங்கள் தடை விதித்தன. வாசலில் நிற்பவர் பெட்டிக்கு மேல் காந்தத்தைப் பிடிப்பார். ஒட்டினால் உள்ளே விடமாட்டார். நவால்னி நஞ்சூட்டப்பட்ட விவகாரத்தில் அமெரிக்கா விதித்த தடைகளின் தொடர்ச்சியாக, 2021 செப்டெம்பர் 7 முதல் ரஷ்ய ரவைகளுக்குப் புதிய இறக்குமதி அனுமதிகள் நிறுத்தப்பட்டன. மொஸ்கோவின் அரசியல் ரெக்சாஸ் கடைக்காரரின் மாதச் செலவில் வந்து விழுந்த விதம் இது.

விலை ஏறி இறங்கும் கதையும் அத்தகையதே. 2019 இல் 20 சதத்துக்குள் கிடைத்த ரவை, பெருந்தொற்றும் கலவரமும் தேர்தலும் ஒன்றாக வந்த 2020 இன் பின்னர் 60, 70 சதத்தைத் தாண்டி, சில இடங்களில் ஒரு டொலரைத் தொட்டது. ஆர்க்கன்சோவில் பெரிய ரவைத் தொழிற்சாலையைக் கொண்டிருந்த றெமிங்ரன் நிறுவனம் அதே 2020 இல் வங்குரோத்தானது. மக்கள் அஞ்சி வாங்கிக் குவித்ததால் தட்டுகள் வெறுமையாகின. எங்களூரில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு இந்த உளவியல் புதியதன்று. ஆகவே விலை தணிந்திருக்கும் காலத்தில் ஆயிரம் ரவை கொண்ட பெரிய பெட்டியாக வாங்கி, ஈரமும் வெப்பமும் அண்டாத இடத்தில் பூட்டி வைப்பதே நிதானமான வழி. அவ்வாறு வைத்தால் அது பல்லாண்டுகள் கெடாது.

ஆனால், ஆயிரத்தை வாங்குமுன் ஐம்பதை வாங்கிச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்பதில் மருமகன் பிடிவாதமானவன். அவனிடம் ஒரு குறிப்பேடு இருக்கின்றது. திகதி, தயாரிப்பின் பெயர், பெட்டியில் அச்சிட்ட தொகுதி இலக்கம், எத்தனை சுட்டது, எத்தனை சிக்கியது, எந்த ரவைக்கூடு. ரவைக்கூடுகளுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என இலக்கமிட்டிருக்கின்றான். சிக்கல் எப்போதும் மூன்றாம் கூட்டில் வந்தால் குற்றம் ரவையில் அல்ல, கூட்டின் வில்லில். ஒரு செய்தியாளன் என்ற முறையில் அந்தக் குறிப்பேட்டின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டானது. நான்கு தயாரிப்புகளில் இருநூறு வீதம் சுட்டு, தடங்கல் இல்லாத இரண்டைத் தெரிந்தெடுத்திருந்தான். இரண்டும் பித்தளைக் கோது. ஒன்று ஐடாஹோவில் செய்யப்படும் பிளேசர், மற்றது செக் குடியரசின் செலியர் அன்ட் பெல்லொட். பின்னையது 1825 இல் தொடங்கிய நிறுவனம். ஆனாலும் ஒருவரின் துப்பாக்கிக்குப் பொருந்துவது இன்னொருவரின் துப்பாக்கியில் சிக்கலாம் என்பதையும் அவனே சொன்னான்.

என்னைப் பயிற்சிக்கூடத்துக்கும் அழைத்துச் சென்றான். நான் சுற்றுலா விசாவில் சென்றவன். வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல் அத்தகையவர் துப்பாக்கியையோ ரவையையோ கையில் வைத்திருக்க அந்நாட்டுச் சட்டம் இடமளிப்பதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் காதுக்கவசத்துடன் அமர்ந்திருந்தேன். அந்தச் சட்டத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அங்குதான் மலிவின் மறுபக்கத்தைக் கண்டேன். பக்கத்துத் தடத்தில் ஓர் இளைஞர், எங்கோ சந்தையில் மலிவாக வாங்கிய, பழைய கோதில் மீள நிரப்பிய ரவைகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். வழமையான அதிர்வுக்குப் பதிலாக ஒரு தடவை "பொட்" என்ற மெல்லிய ஓசை. சோடாப் போத்தல் திறப்பது போன்றது. மேற்பார்வையாளர் பாய்ந்து சென்று, விசையை மீண்டும் அழுத்தவிடாமல் தடுத்தார். கோதுக்குள் வெடிமருந்தே இருக்கவில்லை. பிரைமரின் சிறு உந்துதலால் சன்னம் நகர்ந்து குழலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அடுத்த ரவையைச் சுட்டிருந்தால் அது முன்னையதில் மோதிக் குழல் வீங்கியோ வெடித்தோ இருக்கும். துப்பாக்கியை வெறுமையாக்கிவிட்டு, பித்தளைக் கம்பியால் தட்டிச் சன்னத்தை வெளியே எடுத்தார்கள். இளைஞரின் முகம் வெளுத்திருந்தது. ரவை ஒன்றில் அவர் மிச்சம் பிடித்தது நாலைந்து சதமாக இருக்கலாம்.

இதனால்தான், யார் நிரப்பியது என்று தெரியாத ரவையை மருமகன் தொடுவதில்லை. துப்பாக்கி உற்பத்தியாளர்கள் பலரும் மீள் நிரப்பிய ரவையால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. விசை அழுத்தியும் வெடிக்காத ரவையை உடனே வெளியே தள்ளுவதும் கூடாது. சில கணங்கள் தாமதித்து வெடிக்கக்கூடும் என்பதால், குழலை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அவன் காத்திருந்ததை நான் பார்த்தேன். அந்த அரை நிமிடத்தில் அவன் அக்காவைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

இவை எல்லாவற்றிலும் மலிவான பயிற்சி, ரவையே இல்லாமல் செய்வது. வெறுந்துப்பாக்கியைப் பலமுறை சரிபார்த்து, ரவைகளை வேறோர் அறையில் வைத்துவிட்டு, சுவரை நோக்கி விசையை அழுத்திப் பழகுவது. தினமும் பத்து நிமிடம். அவனது மாதம் 100 ரவை போதுமாயிருப்பது இதனால்தான். வீட்டில் துப்பாக்கி ஓர் இரும்புப் பெட்டியிலும் ரவைகள் வேறொன்றிலும் பூட்டப்பட்டிருக்கின்றன. இதை அக்காவிடம் சொன்னேன். "விக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டா.

பயிற்சிக்கூடத்திலிருந்து திரும்பியதும் அவன் நேரே வீட்டுக்குள் வரவில்லை. பிரைமரின் கலவையிலும் சன்னத்தின் திறந்த அடிப்பாகத்திலும் ஈயம் உண்டு. ஒவ்வொரு வெடியிலும் அது நுண்துகளாகக் காற்றில் கலந்து கையிலும் உடையிலும் படிகின்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கேடு. சப்பாத்தை வாகனக் கொட்டகையிலேயே கழற்றினான். குளிர்ந்த நீரில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினான். சட்டையைத் தனிப் பையில் இட்டான். நான்கு வயது மகள் கதவுக்கு உட்புறம் நின்று "அப்பா, அப்பா" என்று தட்டிக்கொண்டிருந்தாள். ஈயமற்ற பிரைமரும் அடிவரை போர்த்திய சன்னமும் கொண்ட ரவைகள் சந்தையில் உண்டு. விலை சில சதம் அதிகம். அடுத்த தடவை அதில் இரண்டு பெட்டி வாங்கிப் பார்ப்பதென்று அவன் குறிப்பேட்டில் எழுதியிருந்தான்.