இரண்டு மில்லிமீட்டர் தூரம்

கரோல்பாகில் உள்ள அந்த வீட்டின் இரும்பு பீரோவில், பட்டுப் புடவைகளுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின். உள்ளே சிலிகா ஜெல் பொட்டலங்களுக்கு நடுவே, பழைய வேட்டித் துணியில் சுற்றிய மூன்று லென்ஸ்கள். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் அவர் அவற்றை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பூஞ்சை இல்லை என்று தெரிந்ததும் மறுபடி சுற்றி வைத்துவிடுவார். உதவாத பொருளுக்கு இவ்வளவு பராமரிப்பு எதற்கு என்று வீட்டில் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

தில்லித் தமிழர்களின் கல்யாணங்களைப் படம் பிடித்தே குடும்பம் நடத்தியவர் அவர். மனைவியின் இரண்டு வளையல்களை அடகு வைத்து, சிங்கப்பூர் உறவினர் மூலம் 1980களின் நடுவில் வாங்கியவை அந்த லென்ஸ்கள். கேனான் எஃப்டி வகை. 28, 50, 85 மி.மீ. மூன்று கல்யாண சீசன்களில் வளையல்கள் மீண்டன. அதற்குள் 1987 வந்துவிட்டது. தானாக ஃபோகஸ் செய்யும் ஈஓஎஸ் காமிராக்களை அந்த ஆண்டு கேனான் வெளியிட்டது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார், நெம்புகோல்களுக்குப் பதில் மின் இணைப்பு, அகலமான வாய் என எல்லாமே புதிது. மாற்றத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் பழைய லென்ஸ் அதில் ஏறாது.

"நடுவில ஒரு வளையத்தைக் கடைஞ்சு மாட்டினா போதாதா?" சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி காமிரா சந்தையில் கடை கடையாக இதைத்தான் இந்தியில் கேட்டுத் திரிந்தார்.

போதாது. லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே ஒவ்வொரு காமிரா வகையிலும் மாறாத ஒரு தூரம் உண்டு. எஃப்டியில் அது 42 மி.மீ. ஈஓஎஸ்ஸில் 44. வளையம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பழைய லென்ஸ் குறைந்தது 2 மி.மீ. முன்னால் தள்ளித்தான் நிற்கும். அரிசி மணியின் கனம்தான். ஆனால் 50 மி.மீ. லென்ஸில் அந்தச் சிறு தள்ளலே போதும். ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டருக்கு அப்பால் உள்ள எதிலும் ஃபோகஸ் நிற்காது. மணப்பெண்ணின் மூக்குத்தியை எடுக்கலாம். பந்தியை எடுக்க முடியாது. இடையில் கண்ணாடி வில்லை வைத்து இதைச் சரிக்கட்டலாம். கேனானே அப்படி ஒன்றைச் செய்தது. ஆனால் டெலிஃபோட்டோ லென்ஸ்களுக்கு மட்டும். கடையில் கிடைத்த மலிவு வில்லைகளோ நல்ல லென்ஸின் கூர்மையைக் கெடுத்தன.

"என் வளையலை மீட்டாச்சு. உங்க லென்ஸைத்தான் மீட்க முடியல" என்பார் மனைவி. கேலிதான். ஆனாலும் அவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

பழைய காமிராவை ஷட்டர் நிற்கும்வரை ஓட்டினார். பிறகு டிஜிட்டல், புதுக் கடன், புது லென்ஸ்.

வழி திறந்தது, காமிராவிலிருந்து ஒரு பொருள் வெளியேறியபோது. எஸ்எல்ஆர் காமிராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி எழும்பி இறங்கும். அதற்கு இடம் விடவே 40 மி.மீ.க்கு மேல் தூரம் வைத்தார்கள். 2008இல் கண்ணாடி இல்லாத மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் காமிராக்கள் வந்தன. 2013இல் வந்த சோனி ஏ7இல், 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கே சென்சார். தூரம் வெறும் 18 மி.மீ. எஃப்டியின் 42இல் 18 போனால் மிச்சம் 24. அந்த இடத்தை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பிவிடும். வில்லை எதுவும் தேவையில்லை. லைக்காவின் 27.8, நிக்கானின் 46.5 எல்லாம் இதே கணக்கில் அடங்கும். அந்த லென்ஸ்கள் அத்தனை வருடமும் பழுதில்லாமல்தான் இருந்தன. பொருந்த இடம்தான் இல்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் பழைய ஏ7 ஒன்றையும் ஒரு அடாப்டரையும் வாங்கி வந்தாள். "அப்பா, இதுல உங்க பிஸ்கட் டின் லென்ஸ் ஏறும்."

ஏறியது; ஆனால் கிளிக் ஆகவில்லை. லென்ஸே மாட்டப்படவில்லை என்று காமிரா நினைத்துக்கொண்டது. மின் இணைப்பு இல்லாத லென்ஸை அது அறியாது. மெனுவுக்குள் புகுந்து, லென்ஸ் இல்லாமலும் இயங்கலாம் என்று மகள் அனுமதி கொடுத்த பிறகே ஷட்டர் அசைந்தது. "முப்பது வருஷத்துக்கு மேல காப்பாத்தி வச்சது. இது இல்லவே இல்லைங்குது!" என்று சிரித்தார்.

அடுத்து அபெர்ச்சர் வளையம். எவ்வளவு திருப்பியும் பலனில்லை. எஃப்டி அடாப்டரில் தனியாக ஒரு வளையம் உண்டு. அதைப் பூட்டும் பக்கம் திருப்பினால்தான் லென்ஸின் உள்ளே இருக்கும் நெம்புகோல் பிடிபட்டு, இதழ்கள் மூடும். அதைக் கண்டுபிடித்தது மகள் அல்ல, அவர்.

ஃபோகஸ் கையால்தான். ஓடும் குழந்தையைப் பிடிப்பது கஷ்டம். மாங்கல்யதாரணத்துக்கு இதை நம்பி இறங்க அவரே தயங்குவார். அசையாதவர்களுக்கு இது போதும்.

சமையலறை ஜன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி அசையவில்லை. 85 மி.மீ. லென்ஸை மெல்லத் திருப்பினார். கூர்மையான இடங்களில் திரை நிறம் காட்டியது: முதலில் கீரைத் தண்டு, பிறகு விரல்கள், பிறகு கண்.

படத்தைப் பார்த்த மனைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"வளையல் நல்லா விழுந்திருக்கு."